என்சினார் திறந்த காலை

அவைக்கு அணிசெய்யும் தலைவர், வால்தெரோசா நகரின் மேயர் தோஞா பெலென் அவர்களே, அறுபது ஆண்டு கண்ட என்சினார் கடைகளின் அதிபர் லெயாந்த்ரோ அவர்களே, முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோரே, கூடையோடு வந்து கூட்டத்தோடு கலந்திருக்கும் தாய்மார்களே, கால் கடுத்தாலும் கலையாமல் இந்தச் சதுக்கத்தில் நிற்கும் தம்பி தங்கையரே, உங்கள் அனைவருக்கும் எண்பத்தெட்டு வயது உர்பானாவின் அன்பு வணக்கம்.

என்னை ஏன் இந்த மேடையில் ஏற்றினார்கள்? என்சினார் திறந்த அதே தெருவில், எதிர்ச் சாரியில் மளிகைக் கடை வைத்திருந்தவள் நான். என்சினார் வளர்ந்தது, என் கடை மூடியது. வென்றவர் வீட்டு விழாவில் தோற்றவளைப் பேச அழைத்திருக்கிறார்கள். கைதட்டாதீர்கள், நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இன்று என்சினாருக்கு நாற்பத்தொரு கடைகள். தாஹோ ஆற்றுக்கு இக்கரையில் எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பச்சைப் பலகை தென்படுகிறது. ஆனால் முதல் கடை முதல் நாளே மூடியிருக்க வேண்டியது. அது உங்களுக்குத் தெரியுமா? விழா மலரில் அச்சடித்திருக்கிறார்களா? இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் ஆண்டு, மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை. ஆற்றிலிருந்து ஏறிய பனிமூட்டம் தெருவெல்லாம் நிறைந்திருந்தது. அந்தப் பனிக்குள் பழைய கம்பளிக் கிடங்கின் சன்னல்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தன. குழல் விளக்கை அன்றுதான் எங்கள் தெரு முதன்முதலில் கண்டது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வெளிச்சம் வருகிறது. விழித்திருந்தேனா, கனவு கண்டேனா என்ற மயக்கமும் கூடவே வருகிறது.

கிடங்கைக் கடையாக்கியவர் எலாடியோ. இதோ அமர்ந்திருக்கும் லெயாந்த்ரோவின் தந்தை. தலைநகர் மத்ரீதில் ஒரு கடையைப் பார்த்துவிட்டு வந்து கனவு கண்டார். பொருள் திறந்த அடுக்கில் இருக்கும், வேண்டியதை வேண்டியவரே எடுப்பார், வாசலில் காசு கொடுத்துப் போவார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானே முதல்வி. அவர் மனைவி கசில்தா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டாள். கடை ஓடாவிட்டால், ஜெர்மனியில், ஹனோவரில் தயாராக இருந்த டயர் தொழிற்சாலை வேலைக்கு எலாடியோ போயே ஆக வேண்டும். ரயில் சனிக்கிழமை. பெட்டியும் கட்டி வைத்தாயிற்று.

நம் ஊர்க் கடைப் பழக்கத்தைச் சொல்ல வேண்டுமா? நாம் வரிசையில் நிற்கிற சாதியா? உள்ளே நுழைந்ததும் "யாருங்க கடைசி?" என்போம். "நான்தான்" என்று ஒருத்தி சொல்வாள். அவளுக்கு அடுத்தவள் நான் என்று மனத்தில் முடிந்துகொண்டு ஊர்க்கதை பேசப் போய்விடுவோம். பின்னாளில் மத்ரீது நிபுணர் ஒருவர் இறைச்சிப் பிரிவில் எண் சீட்டு இயந்திரம் மாட்டினார். நம் பெண்கள் சீட்டைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு "யாருங்க கடைசி?" என்றே கேட்டார்கள். ஒரே மாதத்தில் இயந்திரம் கிடங்குக்குப் போனது. சிரிக்கிறீர்கள், நேற்றுகூட நீங்கள் கேட்டதுதானே அது!

அன்று காலையும் அப்படித்தான். முதலில் நுழைந்தவள் ரொட்டிக்காரர் மனைவி எமெரித்தா. நின்றாள். அடுத்தவள் வந்தாள், "யாருங்க கடைசி?" என்றாள், நின்றாள். பத்தாயிற்று, இருபதாயிற்று, முப்பதாயிற்று. முப்பது பெண்களும் காத்திருந்தார்கள். யாருக்காக? எடுத்துக் கொடுப்பவருக்காக. எடுத்துக் கொடுக்கத்தான் அங்கே எவரும் இல்லையே!

"எடுத்துக்கோங்க அக்கா, நீங்களே எடுத்துக்கோங்க" என்றார் எலாடியோ.

"நானே எடுக்கணும்னா நீ எதுக்கு இருக்கே?" என்றாள் எமெரித்தா.

"அடுக்குல இருக்கறதெல்லாம் உங்களுக்குத்தான் அக்கா."

"அடுத்தவன் கடைச் சாமான்ல கை வெக்கச் சொல்றியா? எங்க வீட்ல அப்படி வளக்கல தம்பி."

ஒரு மணி நேரம் போயிற்று. எண்ணெய்ப் புட்டிகளும் சூரை மீன் டப்பாக்களும் வெளிச்சத்தில் மின்னின. ஒரு கை நீளவில்லை. பேச்சுகூட அடங்கிவிட்டது. பனி வாசலில் நின்றது, பெண்கள் உள்ளே நின்றார்கள், கடை முழுக்க ஒரே உறக்கத்தில் ஆழ்ந்தது போலிருந்தது.

அப்போதுதான் நான் போனேன். எதற்கு? உண்மையைச் சொல்கிறேன், வேடிக்கை பார்க்கத்தான். எதிரிக் கடை விழுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? அந்த முப்பது பேரையும் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பொருளைத் தொட்டால் "கைய எடுடி, நான் தர்றேன்" என்று எட்டு வருடமாக அந்தக் கைகளை அதட்டிப் பழக்கியவள் நானல்லவா? என் அதட்டல்தான் அங்கே காவல் காத்துக்கொண்டிருந்தது. நெஞ்சு நிமிர்ந்து போயிற்று எனக்கு.

கல்லாவில் கசில்தா இருந்தாள். பக்கத்தில் ஆரஞ்சுப் பெட்டிக்குள் மூன்று மாதக் குழந்தை. அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"வாங்க உர்பானா. சந்தோஷமா? சனிக்கிழமை அவர் போயிடுவார்" என்றாள். "உங்க வீட்டுக்காரர் போய் மூணு வருஷம் ஆச்சில்ல? பழகிடுமா?"

அவையோரே, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. என் கணவர் ஹசிந்தோவும் அதே ஹனோவரில்தான் இருந்தார். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு விடுப்பில் வந்து கதவைத் தட்டினார். திறந்தவள் எங்கள் ஐந்து வயது மகள் நீவெஸ். பொம்மையும் கையுமாக நின்ற தகப்பனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மா கடையில இருக்காங்க, அப்புறமா வாங்க" என்று மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டாள். அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் வந்து பார்த்தபோது தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"பழகாது கசில்தா" என்றேன்.

அவ்வளவுதான். அடுக்குக்குப் போனேன். முப்பது பேரும் பார்க்க, இந்தக் கையை நீட்டி ஒரு கிலோ கொண்டைக்கடலைப் பொட்டலத்தை எடுத்தேன். என் கடையிலேயே எட்டு மூட்டை கிடந்தது!

"ஏய் உர்பானா, உனக்கு முன்னால நாங்க முப்பது பேர் இருக்கோம்" என்று சீறினாள் எமெரித்தா.

"அப்ப எடுங்கடி. யாரு தடுத்தா? நானே சொல்றேன், தொடுங்க" என்றேன்.

எமெரித்தா ஒரு எண்ணெய்ப் புட்டியைத் தொட்டாள். என்னைப் பார்த்தாள். நான் அதட்டவில்லை. எடுத்துக் கூடையில் வைத்தாள். பிறகு முப்பது கைகள்! மதியத்துக்குள் பாதி அடுக்கு காலி. சனிக்கிழமை ரயில் எலாடியோ இல்லாமல் போயிற்று. என் கடை அடுத்த ஆண்டே மூடியது; அதற்காக அழுதேன், மறைக்கவில்லை. ஹசிந்தோ திரும்பி வர இன்னும் ஆறு ஆண்டுகள் ஆயின. நீவெஸ் அவரிடம் கடைசிவரை, அந்நியரிடம் பேசுவது போல "நீங்க" என்றுதான் பேசினாள்.

லெயாந்த்ரோ, ஆரஞ்சுப் பெட்டியில் கிடந்தவனே, உன்னிடம் ஒரு வார்த்தை. நீயும் உன் அப்பாவும் சண்டை போடாத நாள் உண்டா? மீன் பிரிவு வேண்டுமா, ஞாயிறு திறப்பதா, எதற்கெடுத்தாலும் தெருவே கேட்கக் கத்துவீர்கள். "நீ சொல்றது தப்பு, அப்பா" என்று நாற்பது வருடம் நீ கத்தியதை எதிர்வீட்டுச் சன்னலில் உட்கார்ந்து நான் கேட்டேன். "நீ" என்று சொன்னாய், லெயாந்த்ரோ. என் கடையைக் கொடுத்து நான் வாங்கியது அதுதான். மலிவாகவே வாங்கினேன்.

பொறுமையோடு கேட்ட பெருமக்களே, மேடை தந்த மேயரே, நெஞ்சு நிறைந்த நன்றி. நேரத்தோடு வீட்டுக்குப் போங்கள். உங்களுக்காக அங்கே ஒருவர் இருந்தால், உட்கார்ந்து நன்றாகச் சண்டை போடுங்கள். வணக்கம்.