சீப்பு வைக்கச் சொன்னவர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் வருகிறவர்கள் முதலில் தலை சீவிக்கொள்வார்கள், சார். சுற்றிலும் நிலைக்கண்ணாடி இருந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும். கும்மிடிப்பூண்டி பஜாரில் கடை வைத்த நாளிலிருந்து அதைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான். ஓசியில் தலை சீவிக்கொண்டு, நாலு ஃப்ரேமைக் கலைத்துப் போட்டுவிட்டு, ரயிலேறிப் பொன்னேரிக்குப் போய் அப்துல் ஜப்பார் கடையில் வாங்குவார்கள். இப்படியே போனால் ஷட்டரை இழுத்துச் சாத்த வேண்டியதுதான் என்ற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான், 2007 கடைசியில், பாக்கியநாதன் வந்தார். சென்னைக்காரர். பிசினஸ் கோச். எங்களைப் போன்ற தனிக் கண்ணாடிக் கடைக்காரர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுப்பவர். இதற்கெல்லாமா கோச்சிங் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நானும் சிரித்தவன்தான். அவர் கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு அரை நாள் வேடிக்கை பார்த்தார். பிறகு, "துளசி, அவங்க தலை சீவட்டும். நீங்க ஒரு சீப்பு வாங்கி வைங்க" என்றார்.

வைத்தேன். சீப்பு இருந்ததால் நின்று சீவினார்கள். சீவிய முகத்துக்கு ஒரு ஃப்ரேமை மாட்டிப் பார்த்தார்கள். மாட்டியது பிடித்துப்போனது. "இன்னா வேணும்னு கேக்காதீங்க, இன்னா வேலைக்குப் போறீங்கன்னு கேளுங்க" என்றார். கேட்டேன். சிப்காட்டில் வெல்டிங் பார்க்கிறவன் வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு வாங்கிப் போனான். ஆரம்பாக்கம், தடா பக்கத்துத் தெலுங்குக்காரர்கள்கூட நைனா என்று கூப்பிட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அந்த மனிதர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. கோச்சிங்கின் அருமையைப் பற்றி யார் கேட்டாலும் நான் கோர்ட்டில் சத்தியம் செய்யத் தயார்.

பயிற்சி முடிந்து கிளம்பும்போது, "அடுத்து பொன்னேரி. ஜப்பார் பாய் கூப்ட்டுக்கினே இருக்காரு" என்றார்.

இங்கே சொன்ன அத்தனையும் அங்கேயும் சொல்வாரே. ஜப்பாரும் சீப்பு வைப்பாரே.

பாக்கியநாதனுக்குப் பவர் மைனஸ் பதினொன்று. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா பீரோவா என்று தெரியாது. "கண்ணாடி காலு லூசா இருக்கு சார், டைட் பண்ணித் தரேன், குடுங்க" என்றேன். கொடுத்தார். டைட் செய்யும்போது உடைந்தது. உடைத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

புது லென்ஸ் வரும்வரை கடை மாடியில் தங்கச் சொன்னேன். அதற்குள் தற்காலிகமாக ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்தேன், பவரைக் கொஞ்சம் குறைத்து. "துளசி, மங்கலா தெரியுதே" என்றார். டார்ச் அடித்துப் பார்த்து, "கண்ணு இறங்கிக்கினே வருது சார்" என்றேன். விழித்திரை கிழிகிற நிலையில் இருக்கிறது, வெயிலில் போனாலோ படி இறங்கினாலோ ஒரேயடியாக இருட்டிவிடும் என்று டாக்டர் சொன்னதாகவும் சொல்லிவைத்தேன். அப்புறம் ஒவ்வொரு கண்ணாடியிலும் பவரை இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அவருக்கு உலகம் இன்னும் கொஞ்சம் மங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இல்லாவிட்டால் என் கதி என்ன என்று கண் கலங்கினார். எனக்கும் நெகிழ்ந்துவிட்டது. வேறு கடைக்காரனாக இருந்தால் அத்தனை லென்ஸுக்கும் காசு கேட்டிருப்பான்.

நான் கதவைப் பூட்டி வைத்ததாகப் புகாரில் எழுதியிருக்கிறதாம். அதைத் திருத்திவிடுங்கள். கதவு திறந்தேதான் கிடந்தது. சாப்பாடு என் மனைவி பூமா கட்டிக் கொடுத்தாள், கண் ஆபரேஷன் ஆன ஆள் என்று நம்பிக்கொண்டு. செல்போன் வெளிச்சம் ஆகாது என்று போனை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். "எஸ்தருக்குச் சொன்னீங்களா?" என்று சம்சாரத்தைப் பற்றித் தினமும் விசாரிப்பார். "சொன்னேன் சார். உங்கள இந்த நெலமைல பாக்க அவங்களுக்கு மனசு தாங்கலையாம்" என்பேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பார்க்கப் பாவமாக இருக்கும். அன்றைக்கு மட்டும் பஜாரிலிருந்து சூடாக பஜ்ஜி வாங்கிக் கொடுப்பேன்.

ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. எவ்வளவு பேஜாராகப் படுத்திருந்தாலும், கீழே கஸ்டமர் குரல் கேட்டால் எழுந்து உட்கார்ந்து, "கூலிங் கிளாஸையும் காட்டுங்க" என்று மாடிப்படி வழியாகக் குரல் கொடுப்பார். யாரென்று கேட்பவர்களிடம் கோச்சிங் சி.டி. ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். அவர் நிஜமாகவே சி.டி. போட்டு விற்றவர்தான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் எஸ்தரம்மா போட்டோவோடு கடைக்கு வந்தார். ஊர் ஊராகக் கண்ணாடிக் கடைகளில் கேட்டு வருகிறாராம். அழுது அழுது தொண்டை கட்டி, பேச்சே வரவில்லை. "ரயிலேறிப் போனாரும்மா, அதுக்கப்புறம் தெரியல" என்றேன். போட்டோவை அவர் கையை நீட்டி நீட்டிப் பிடித்துப் பார்த்தார். வெள்ளெழுத்து. பழக்கதோஷத்தில், "இன்னா வேலைக்குப் போறீங்கம்மா?" என்று கேட்டேன்.

"அவரத் தேடறதுதாங்க இப்ப வேலை."

தேடுகிறவருக்கு பஸ் போர்டும் தெரிய வேண்டும், கையிலிருக்கும் போட்டோவும் தெரிய வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு கண்ணாடி எழுதினேன். அப்போது மேலிருந்து, "ரெண்டு ஃப்ரேம் காட்டுங்க, போதும். மூணாவது காட்டினா குழம்பிடுவாங்க" என்று குரல் வந்தது.

அந்தம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"சி.டி.ம்மா" என்றேன். "கடைல எப்பவும் ஓடும்."

மெதுவாக உட்கார்ந்தார். "கொஞ்ச நேரம் ஓடட்டுங்க" என்று கேட்டுக்கொண்டார். ஓடியது. கஸ்டமர் மனசு நோகாமல் விலை சொல்வது எப்படி என்று மேலே அவர் பேச, கீழே இவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். இரண்டு பேரையும் பார்க்க எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒரே கூரைக்குக் கீழே வைத்திருக்கிறேனே.

அதற்குப் பிறகு சர்ச் முடிந்ததும் ஞாயிறுதோறும் வந்துவிடுவார். ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார். ஒரு நாள்கூட நான் முகம் சுளித்ததில்லை. டீ வாங்கிக் கொடுப்பேன். கடைக்குள் வந்தவருக்கு எழுந்து போகவே தோன்றக் கூடாது என்பது பாக்கியநாதன் சொல்லிக்கொடுத்ததுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போனது. இப்போதுதான் தினம் போகிறதே. ஃபேன் நின்றது, ஷோகேஸ் விளக்கு அணைந்தது. சி.டி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தம்மா நின்றுபோன ஃபேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூச்சல் போடவில்லை, சார். மாடிப்படிப் பக்கம் திரும்பி, வீட்டில் கேட்பதுபோல, "சாப்ட்டீங்களா?" என்றார்.

பேச்சு நின்றது. "இன்னும் இல்ல, எஸ்தர்" என்று பதில் வந்தது.

நான் போட்டுக் கொடுத்த கண்ணாடியோடுதான் படியேறினார். திரும்பி வரும்போது அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பாக்கியநாதன் ஒவ்வொரு படிக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், இருட்டிவிடும் என்று. கடைசிப் படியில் நின்று, கண்ணைத் திறந்து, காத்திருந்தார். இருட்டவில்லை. அந்தம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். என்னைத் தாண்டித்தான் வெளியே போனார்கள். இத்தனை மாதம் சோறு போட்டுக் கண்ணைப் பார்த்துக்கொண்டவனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு அதுதான் சார் தாங்கவில்லை.

பரவாயில்லை, எனக்குக் கோபமில்லை. மைனஸ் பதினொன்று லேசுப்பட்ட பவரா. வெளியில் நாலு இடத்தில் காட்டிப் பார்த்தால் தெரியும், என்னளவுக்கு அக்கறையாக யார் பார்ப்பார்கள் என்று. தானாகத் திரும்பி வருவார். மாடியைப் பெருக்கி, பாயை உதறிப் போட்டு வைக்கும்படி பூமாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.