போகிற நேரம், வருகிற நேரம்

நான் வேலைக்கு ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை, ஐயா. பெருமைக்குச் சொல்லவில்லை. வீடு ஆய்வுக்கூடத்துக்குப் பின்தெருவிலேயே இருந்தது. தாமதமாகப் போக வழியே இல்லை. நேற்று நீங்கள் மேசையைத் தட்டியதில் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. இன்று முதலிலிருந்து சொல்கிறேன்.

நேரத்தை அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. சரிவான ஒரு நிலத்தின் உச்சியில் மேல் அறை, அடியில் கீழ் அறை. இடையில் ஆயிரத்து இருநூறு மீட்டர். பூமிக்கடியில், காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு குழாய் இரண்டையும் இணைக்கிறது. இரண்டு அறையிலும் அணுக் கடிகாரங்கள். அவற்றைப் பராமரிப்பது என் பொறுப்பு. நான் பெரிய படிப்பாளி இல்லை, கடிகாரக்காரன்.

மேலிருந்து ஒளியை அனுப்புவோம். கீழே கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். போய்வர எட்டு மைக்ரோ விநாடி. ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டாக வெட்டினால் அதில் எட்டுத் துண்டு. அந்த எட்டு, மேலே இருக்கிற ஒரே கடிகாரத்தில் அளந்தது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அதற்கப்புறம் என்ன செய்கிறோம்? அதைப் பாதியாக்கி, போக நான்கு, வர நான்கு என்று எழுதிக்கொண்டு, அதன்படி கீழ்க் கடிகாரத்தைத் திருத்துகிறோம். எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம்.

போக நான்கு என்று யார் பார்த்தார்கள்? நான் தினமும் கீழ் அறைக்கு நடக்கிறவன். இறங்கப் பதின்மூன்று நிமிடம், ஏறப் பதினேழு. கூட்டிப் பாதியாக்கினால் பதினைந்து. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் எனக்குப் பதினைந்து ஆனதில்லை. ஒளிக்கு மட்டும் ஏன் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்? போகிற நேரத்தைத் தனியாக அளக்கலாம் என்றால் கீழே சரியான கடிகாரம் வேண்டும். கீழே கடிகாரம் சரியாக இருக்க வேண்டுமென்றால் போகிற நேரம் முன்னமே தெரிந்திருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடம். இந்தக் கேள்வி என்னைப் பிடித்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவிக்குப் பதினைந்து வயது இளையவன். பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அவள்தான் அவனை வளர்த்தாள். கல்யாணமாகி என் வீட்டுக்கு வந்தபோது ஒரு கையில் பெட்டி, மறு கையில் இவன். என் வீட்டில் வளர்ந்து, என்னைவிடப் பத்து மடங்கு படித்து, கடைசியில் என் ஆய்வுக்கூடத்துக்கே லேசர் பிரிவுக்கு வந்து சேர்ந்தான். அங்கே எல்லோரும் அவனைச் சரிபாதி என்று கூப்பிடுவார்கள். என் கேள்வியை நான் எங்கே ஆரம்பித்தாலும், "கூட்டிச் சரிபாதியா போட்டுட்டுப் போங்களேன் அத்தான்" என்பான். அதில் வந்த பெயர்.

சண்டை போட்டோமா என்று கேட்டீர்கள். சண்டை போட்டிருந்தால் தேவலை. அவன் ஒரு நாளும் என்னைத் தப்பு என்று சொன்னதில்லை. அதுதான் என் தொண்டையில் சிக்கிய முள்.

"நீங்க போக மூணு, வர அஞ்சுன்னு வச்சுக்குங்க. நான் நாலு, நாலுன்னு வச்சுக்கறேன். ரெண்டு பேர் கணக்கும் எல்லாச் சோதனைக்கும் ஒத்து வரும்" என்பான், சாப்பாட்டு மேசையில், தட்டை வழித்துக்கொண்டே.

"அப்போ உண்மையில எவ்வளவு?"

"உண்மையிலன்னு ஒண்ணு இல்ல அத்தான். அது நாம பேசி வச்சுக்கறது. ரெண்டு இடத்துல 'அதே நேரம்'னா என்னன்னு நாமதான் முடிவு பண்றோம்."

"மெதுவா ஒரு கடிகாரத்தைத் தள்ளிட்டுப் போய்ப் பார்த்தா தெரியாதா?"

"தள்ளும்போது அந்தக் கடிகாரம் எவ்வளவு மாறுச்சுன்னும் நீங்கதானே கணக்குப் பண்ணணும்? அங்கயும் உங்க கணக்கு உங்களுக்குச் சரி, என் கணக்கு எனக்குச் சரி."

"ரெண்டு பேரும் அதே நேரத்துல சாப்பிட உட்கார்ந்தீங்கன்னா எனக்குப் பாத்திரம் கழுவற வேலை பாதியாகும். அதை முதல்ல முடிவு பண்ணுங்க" என்பாள் என் மனைவி. அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன்.

தப்பு என்று ஒருவன் சொன்னால் அவனோடு மோதலாம், தோற்கலாம், தோற்றபின் தூங்கலாம். நீங்களும் சரி, நானும் சரி, உங்கள் கேள்விக்கு விடையே கிடையாது என்று ஒருவன் தோளில் கைபோட்டுச் சொன்னால் என்ன செய்வது? சுவரை முட்டலாம், பஞ்சு மூட்டையை எத்தனை நாள் முட்டுவது? பதினொரு கட்டுரை அனுப்பினேன். பதினொன்றும் திரும்பி வந்தன. அவற்றிலும் தப்பு என்று யாரும் எழுதவில்லை. 'ஆர்வமூட்டும் முயற்சி' என்று எழுதினார்கள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். கீழ் அறையை மூடிவிடலாமா என்று இயக்குநர் அம்மா அவனிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்.

"மூடலாம்னு எழுதிட்டேன் அத்தான். எனக்கு வேற வழி தெரியல. பத்தொம்போது வருஷமா அங்க வேற வேலையே நடக்கலையே. திங்கக்கிழமை அவங்க கைக்குப் போயிடும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட நானே சொல்லிடணும்னு தோணுச்சு."

நான் கோபப்படவில்லை. சனிக்கிழமை ஒரே ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிடலாம், கீழே நீ உட்காருவாயா என்று மட்டும் கேட்டேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "உங்களுக்காக உட்கார மாட்டேனா?" என்றான்.

ஓட்டம் என்றால், போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் தனித்தனியாகப் பிடிக்க நான் அமைத்த சோதனை. அதற்கு நாற்பது நிமிடம் வேண்டும். கீழே ஒருவர் உட்கார்ந்து, ஒளி கண்ணாடியை விட்டு விலகாமல் ஒரு திருகைக் கையால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் அறையின் சூடு மாறி, எல்லாம் பாழாகிவிடும். ஒளியை உணரும் கருவியைக் குளிர்விக்க அங்கே திரவ நைட்ரஜன் போகிறது. அது கசிந்தால் அறையில் ஆக்சிஜன் குறையும். மணம் கிடையாது, மூச்சு முட்டாது. உட்கார்ந்தபடியே மயக்கம் வந்துவிடும். அதற்காகத்தான் அங்கே ஓர் அலாரம். ஆக்சிஜன் குறைந்தால் அது அலறும், சுவரில் இருக்கிற பெரிய விசிறியும் தானாக ஓடத் தொடங்கும்.

அந்த அலாரம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் அலறும். விசிறி ஓடினால் மேசை அதிரும். இரண்டு மாதத்தில் நான்கு ஓட்டங்களை அது கெடுத்தது. அதனால் அதன் கம்பியைக் கழற்றிவிட்டேன். எல்லாம் சரி என்று காட்டுகிற பச்சை விளக்குக்கு மட்டும் தனியாக மின்சாரம் கொடுத்தேன். விளக்கு எரியாவிட்டால் யாராவது பழுது என்று புகார் எழுதிவிடுவார்கள், அதற்குத்தான். யாரிடமும் சொல்லவில்லை. நான்கு ஓட்டம் கெட்டவனுடைய எரிச்சலில் செய்தது அது. கொலைத் திட்டம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். திரையில் கோடு லேசாக நடுங்கிக்கொண்டு வந்தது, எப்போதும் அப்படித்தான். இருபத்தாறாவது நிமிடம் போன் அடித்தது.

"அத்தான், தரையில வெள்ளையா புகை மாதிரி பரவுது. நைட்ரஜன் குழாய் எங்கேயோ விட்டுப்போச்சு போல."

"பச்சை விளக்கு எரியுதா?"

"எரியுது."

"அப்புறம் என்ன? அலாரம் அடிச்சா எழுந்து வா. அடிக்கலைன்னா ஒண்ணுமில்ல. இன்னும் பதினாலே நிமிஷம்."

"சரி அத்தான்" என்றான்.

குழாய் விட்டுப்போனதற்கு நான் பொறுப்பில்லை. அது பழைய இணைப்பு. ஆனால் இந்தப் பேச்சுக்கு நான்தான் பொறுப்பு. அவன் என்னை நம்பவில்லை, அந்த விளக்கை நம்பினான் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கும் நான்தானே.

முப்பத்துமூன்றாவது நிமிடம் மறுபடி போன். இந்த முறை சிரித்தான். "அத்தான், எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. அக்காகிட்ட சொல்லுங்க…" என்றவன் நிறுத்திவிட்டு மறுபடி சிரித்தான். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ஆக்சிஜன் குறைந்தால் குடித்தவனைப் போல் சிரிப்பு வரும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"திருகை விட்டுடாதே" என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, குறட்டைபோல. கவனம் சிதறியது. ரிசீவரை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரையில் கோடு நடுங்குவதை நிறுத்தியது. பத்தொன்பது வருஷத்தில் அவ்வளவு நேரான கோட்டை நான் பார்த்ததில்லை. மிச்சமிருந்த சில நிமிடம், திருகை யாரும் தொடாமலே ஒளி கண்ணாடியை விட்டு விலகாமல் நின்றது. அந்த அறையில் ஒரு மனிதனின் மூச்சுச் சூடும் கை அசைவும் எவ்வளவு பெரிய தொந்தரவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாற்பதாவது நிமிடம் ஓட்டம் முடிந்தது. முடிவைச் சேமித்தேன், இன்னொரு பிரதியும் எடுத்துக்கொண்டேன். பிறகு கிளம்பினேன். வாசலில் சைக்கிள் நின்றது. சரிவில் விட்டால் மூன்றே நிமிடம். திரும்பும்போது மேட்டில் தள்ள வேண்டுமே என்று தோன்றியது. நடந்தே போனேன்.

உங்கள் மருத்துவர், ஐந்து நிமிடம் முன்னால் கதவைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பான் என்கிறார். 'அவன் உயிர் போய்க்கொண்டிருந்த அதே நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?' என்று நேற்று கேட்டீர்கள். இரண்டு தனித்தனி இடங்களில் 'அதே நேரம்' என்று ஒன்று இயற்கையில் கிடையாது, அது நாமாக வைத்துக்கொள்வது என்று பதில் சொன்னேன். நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். நியாயம்தான். அது என் பேச்சே இல்லை, அவனுடையது. வாழ்நாளெல்லாம் அவனோடு மல்லுக்கு நின்றுவிட்டு, அவன் பிணத்தருகே நின்றுகொண்டு அவன் வாதத்தையே கடன் வாங்கினேன்.

ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அவன் வாதப்படியே பார்த்தாலும், ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு எனக்குக் கிடைக்கிற சலுகை, இந்தப் பக்கம் நான்கு மைக்ரோ விநாடி, அந்தப் பக்கம் நான்கு. இரண்டாவது போனுக்கும் ஓட்டம் முடிவதற்கும் இடையில் ஏழு நிமிடம். எந்தக் கடிகாரத்தை எப்படித் திருத்தினாலும் அந்த ஏழு நிமிடம் ஏழு நிமிடம்தான். அவன் செத்துக்கொண்டிருந்தான், அது தெரிந்தே நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் மனைவி முதல் நாளே கேட்டாள். "அவன் உங்களுக்குப் போன் பண்ணலையா?" இல்லை என்று சொன்னேன். இரண்டு முறை பண்ணினான் என்று நீங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும். என்னால் முடியாது.

ஏன் என்று கேட்கிறீர்கள். திங்கட்கிழமை கீழ் அறை போய்விடும், கதவைத் திறந்தால் இன்னொரு ஓட்டம் கிடையாது. அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. அவன் உயிரோடு மேலே வந்திருந்தால், திரையைப் பார்த்துவிட்டு, தோளில் கைபோட்டு, "இதுவும் சரிதான் அத்தான்" என்றிருப்பான். இன்னொரு தடவை அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

முடிவு என்ன என்று நீங்கள் யாரும் கேட்கவே இல்லை. வித்தியாசம் வந்தது, ஐயா. மூன்று நானோ விநாடி. போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றில்லை. கசிந்த நைட்ரஜன் கம்பிகளைக் குளிரவைத்ததால் வந்த கோளாறு என்று இயக்குநர் அம்மா சொல்லியிருக்கிறாராம். அவர் அப்படித்தான் சொல்வார். சொல்லட்டும். வாதாடி என்ன பயன்? நைட்ரஜன் குழாயை மாற்றிவிட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மேல் அறையை நான் பார்த்துக்கொள்கிறேன். கீழ் அறையில் உட்கார ஓர் ஆளை மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்தால் போதும்.