சத்தமில்லாத பிள்ளை மடுவம்

அந்த விளையாட்டில் கடிகாரம் கிடையாது. எனக்கு முதலில் பிடித்ததே அதுதான். போன் திரையில் ஒரு வெறுந்தரை இருக்கும். ஒவ்வொன்றாக டைல்ஸ் கல் வரும். வேண்டிய பக்கம் திருப்பி, இடைவெளி விடாமல் பதிக்க வேண்டும். ஒரே கல்லை வைத்துக்கொண்டு அரை நாள் யோசித்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. தரை நிரம்பினால் மெல்லிதாக ஒரு மணிச் சத்தம், அவ்வளவுதான்.

விஜயகலாவின் மகன் அஜந்தன் எப்படிச் செத்தான் என்று கேட்கத்தான் என்னை இந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். தெரியும். விளையாட்டைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது, ஐயா.

நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்து ஆயா. பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஒன்று அழுதால் அத்தனையும் அழும். வருஷக் கணக்காக அந்தச் சத்தத்தில் கிடந்தேன். வீட்டில் போய்ப் படுத்தாலும் காதுக்குள் அழுகைதான். இதைத் தோட்டத்தை நடத்தும் எந்தத் துரையிடம் போய்ச் சொல்ல? 2008 தீபாவளிக்குக் கட்டாரிலிருந்து வந்த தம்பி இந்தப் போனைத் தந்தான். முதல் தரையை நிரப்பி முடித்தபோது என் தோள் இரண்டும் தானாகத் தளர்ந்தன. நிம்மதி என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை நான் யாருக்காகவும் விடுவதாக இல்லை.

தடிமன் பிடித்து மூக்கு ஒழுகும் பிள்ளைகளுக்கென்று மடுவத்தில் பாணி மருந்து வைத்திருப்பார்கள். குடித்தால் தூக்கம் வரும். போன் வந்த பிறகு தினமும் காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன், தடிமன் இல்லாததுகளுக்கும்தான். தூங்கியதுகளைப் பாயில் நானே அடுக்கினேன். ஒருவன் முழங்காலை மடக்கிக் கிடக்கும் வளைவில் இன்னொருத்தியின் தலை சரியாகப் பொருந்தும். பார்க்கவே அழகாக இருக்கும். தாய்மார் என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பெரிய துரை கொழும்பு விருந்தாளிகளைக் கூட்டி வந்து காட்டினார். பட்டப்பகலில் இத்தனை பிள்ளைகளுக்கும் எப்படித் தூக்கம் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது என்னிடம் மட்டும் கேட்கிறீர்கள்.

அஜந்தன்தான் அடங்கவில்லை. ஒன்பது மாசப் பிள்ளை. கையையும் காலையும் விரித்துப் போட்டுத்தான் கிடப்பான். எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்த மாட்டான். அன்றைக்கு மருந்து கொடுத்தும் விழித்துக்கொண்டு அழுதான். மறுபடி கொடுத்தேன். அடங்கும்வரை கொடுத்தேன்.

பத்து மணிக்குப் பால் கொடுக்க விஜயகலா மலையிலிருந்து ஓடி வந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது.

"தூங்குற புள்ளைய எழுப்பாத, கலா" என்றேன்.

வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். "ராவெல்லாம் தூங்கலைங்க ஆயா. தூங்கட்டும்" என்றாள். வெளியே பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் குனிந்து நின்று, பாலைப் பீய்ச்சிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அவள் வருமுன்பே நான் அவன் காலைத் தொட்டுப் பார்த்திருந்தேன். சில்லிட்டிருந்தது. மூச்சு இருந்தது, ஐயா. விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அவளிடம் சொல்லியிருந்தால் கொழுந்து லொறியில் போட்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பார்கள். பிழைத்தும் இருப்பான். ஆனால் சொன்னால் அவள் கத்துவாள். மற்றப் பிள்ளைகள் எழும்பிவிடும். எனக்குத் தரையில் இரண்டு கல்தான் பாக்கி இருந்தது.

பதித்து முடித்தேன். மணி அடித்தது. திரும்பிப் பார்த்தபோது அவனுக்கு மூச்சு இல்லை. விரித்திருந்த கையை மடக்கி, பக்கத்துப் பிள்ளையோடு சேர்த்துக் கிடத்தினேன். முதல்முறையாகப் பொருந்தினான்.

கொலைகாரி என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பிள்ளைகளைக் கவனிக்காதவள் என்று மட்டும் எழுத விடமாட்டேன். தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், என் மடுவத்தில் ஒரு பிள்ளை அழுது கேட்டிருக்கிறார்களா என்று.