எஃப் ஃபார் ஃபேன்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ். சாரல் அடித்ததால் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். முன் சீட்டில் இருந்த இளம்பெண் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"என் பேரையே தப்பாச் சொல்லிட்டேனாம், மைனி."

"எவ சொன்னா?" என்றாள் பக்கத்திலிருந்த அவள் கணவனின் அக்கா.

"சார்ஜா ஸ்கூல்லதான். இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு நானும் ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளையும்தான் மிச்சம். ரெண்டு பேரையும் ஒரே வீடியோ கால்ல பாடம் நடத்தச் சொன்னாவ. அவ ஃபேனைப் பேன்னுட்டா."

"தலையில ஊருமே, அதா?"

"சும்மா இரிங்க மைனி. அவ பாஷையிலயும் அந்த எழுத்து கிடையாதாம். நாக்கைக் கடிச்சுக்கிட்டு உடனே திருத்திட்டா."

"நீ?"

"ஃபேன், ஃபிஷ் எல்லாம் சுத்தமாச் சொன்னேன். கடைசியில பேரு கேட்டாவ. பாத்திமான்னேன்."

"அதுதானட்டி உன் பேரு?"

"இங்கிலீஷ்ல ஃபாத்திமால்லா. அவ தப்பு அவளுக்குத் தெரிஞ்சுது. எனக்கு அவங்க சொன்ன பெறவும் விளங்கல. வேலை அவளுக்குப் போயிட்டு."

பெரியவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு வேலை கெடச்சாத்தான் அங்கன கூட்டிக்க முடியும்னானே தம்பி. அவன்ட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"'விடு பாத்திமா, வேற ஸ்கூல் பாப்போம்'னாவ."

முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சிரித்தாள்.

"அவியளுக்கும் என் பேரு பானாதான், மைனி."