முதல் இடிக்குப் பிறகும் தொடர்ந்த ஆட்டம்

வாக்குமூலம் அளிப்பவர்: புவனேசன் த/பெ மணியம், வயது 46, ஆண், கெடா மாநிலம் குருணில் வசிப்பவர், தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புத் தொழிலாளி. தாமாகவே காவல் நிலையத்துக்கு வந்து தமிழில் கூறியது, அவர் முன்னிலையில் தமிழிலேயே எழுதப்பட்டது.

நான் மேற்படி ஊரில் என் மனைவி ஷீலாவுடன் குடியிருந்து வருகிறேன். வார இறுதிகளில் கல்லூரி மாணவிகளின் சாப்ட்பால் ஆட்டங்களுக்கு அம்பயராகப் போவது வழக்கம். அம்பயர் சங்கத்தில் சேர்ந்தபோது நடத்தை விதிகளைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பயிற்றுநர்களைக் கேலி பேசக் கூடாது, ஒரு ஆட்டத்தில் வந்த மனத்தாங்கலை அடுத்த ஆட்டத்துக்குத் தூக்கி வரக் கூடாது, இடிச் சத்தம் கேட்டால் யாரும் வந்து சொல்லும் வரை காத்திராமல் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் திடலை விட்டு வெளியேற்ற வேண்டும் என்பவை அவற்றில் உண்டு. அவை எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் பாடாங் மேஹா பக்கம் உள்ள திடலில் இரண்டு கல்லூரிகளுக்கு இடையே அரையிறுதி ஆட்டம் நடந்தது. ஒரு அணி நீலச் சட்டை, மற்றது மஞ்சள் சட்டை. நான் தலைமை அம்பயர். எனக்கு உதவி அம்பயராகக் கோலா கெத்திலைச் சேர்ந்த விக்னேஸ்வரன் இருந்தார். நீலச் சட்டை அணியின் பயிற்றுநர் ஷம்சியா என்பவர். அவர் அந்தக் கல்லூரியில் ஆசிரியை, அவருடைய குடும்பம் சுங்கை பட்டாணியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறது. இவர் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த ஒரு ஆட்டத்துக்குப் பிறகு, நான் மாணவிகளிடம் எரிந்து விழுகிறேன் என்று சங்கத்தில் புகார் செய்திருந்தார். சங்கத்தில் என்னைக் கூப்பிட்டு, வயதில் இளையவர்கள் பார்க்க, நாகரிகமாகப் பேசப் பழகும்படி சொன்னார்கள். புகாரில் இருந்தது உண்மைதான். இருந்தாலும் அன்று திடலில் அவரைப் பார்த்தவுடன் எனக்கு அது ஞாபகம் வந்தது. அவர் வணக்கம் சொன்னார், நான் பதில் சொல்லாமல் முகக் கவசத்தை மாட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு ஆட்டம் தொடங்கி நான்காவது இன்னிங்ஸ் வந்தபோது நீலச் சட்டை அணி நன்றாகப் பின்தங்கியிருந்தது. ஐந்து இன்னிங்ஸ் முடிவதற்குள் ஆட்டம் நின்றுபோனால் அது செல்லாது, வேறொரு நாளில் முதலிலிருந்து ஆட வேண்டும். அந்த நேரத்தில் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் வானம் கறுத்தது. மழை இல்லை. பிறகு இடிச் சத்தம் கேட்டது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. விக்னேஸ்வரனுக்கும் கேட்டது, அவர் என் பக்கம் திரும்பினார். நான் வானத்தைப் பார்க்கவில்லை, ஷம்சியா உட்கார்ந்திருந்த பெஞ்சைத்தான் பார்த்தேன். அவர் எழுந்து என்னிடம் வந்தார்.

"அண்ணே, இடி கேட்குது. பிள்ளைங்கள உள்ள கூப்பிட்டுக்கலாம்" என்றார்.

நான் அவர் தோல்வியிலிருந்து தப்பிக்க வழி தேடுகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதற்கு அவர் எனக்கு எந்தக் காரணமும் கொடுத்ததில்லை. மஞ்சள் சட்டைக்காரர்களின் பெஞ்சுக்கும் கேட்கும்படி, "நீங்க தோத்தா எனக்கு இடி கேட்கணுமா டீச்சர்? போய் உட்காருங்க லா" என்றேன். பார்க்க வந்திருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர், "ஆட்டத்த அவங்களுக்கே குடுத்துடுங்க அண்ணே, நாங்க போயிடுறோம்" என்றார். இன்னொரு வார்த்தை பேசினால் அவரைத் திடலை விட்டு வெளியேற்றுவேன் என்று சொல்லி வாசலைக் கை காட்டினேன். அவர் தன் மாணவிகளைப் பார்த்து உள்ளே வரும்படி கையசைத்தார். நான் பந்து போடும்படி உத்தரவு கொடுத்தேன்.

அதன் பிறகு இரண்டு மூன்று பந்துகள் போடப்பட்டன. பிறகு எல்லாம் வெள்ளையாகப் போனது. எனக்குச் சத்தம் கேட்டதாக ஞாபகம் இல்லை. நான் முழங்காலில் விழுந்திருந்தேன். எழுந்து பார்த்தபோது இடது வேலிக்கு அப்பால் இருந்த தூங்குமூஞ்சி மரம் நடுவில் பிளந்து புகைந்துகொண்டிருந்தது, திடலில் நின்ற மாணவிகள் எல்லோரும் தரையில் கிடந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து அழத் தொடங்கினார்கள். மரத்துக்கு அருகில் நின்ற நீலச் சட்டை மாணவி சாந்தினி மட்டும் எழுந்திருக்கவில்லை. ஷம்சியா தலையில் கட்டியிருந்த தூடோங் அவிழ்ந்து தோளில் விழ என்னைத் தாண்டி ஓடினார். என்னை அவர் பார்க்கவில்லை. சாந்தினியை மல்லாக்கப் போட்டு நெஞ்சை அமுக்கினார், வாயில் ஊதினார், மறுபடி அமுக்கினார். விக்னேஸ்வரன் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். நான் என் இடத்திலேயே நின்று, விதிப்படி இரண்டு கைகளையும் மேலே தூக்கி, ஆட்டம் நிறுத்தப்படுவதாக அறிவித்தேன். அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்து சாந்தினியை ஏற்றிச் சென்றது. போகும் வழியில் அவருக்கு மூச்சு திரும்பியதாகத் தெரிய வந்தது. நான் என் காரில் ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே மருத்துவமனைக்குப் போனேன். அங்கே சாந்தினியின் தாயார் பிரேமாவதி, கையுறைத் தொழிற்சாலைச் சீருடையோடு வந்து சேர்ந்தார். யாரோ அவரிடம் தவறாகச் சொல்லியிருக்க வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்பயர் நீங்கதானே அண்ணே? நீங்க இல்லன்னா எம்பிள்ள போயிருக்கும்னு சொன்னாங்க" என்று அழுதார். நான் ஷம்சியாவின் பெயரைச் சொல்லவில்லை. கையையும் விடுவித்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை மருத்துவமனைக்கு வந்த காவலர் விசாரித்தபோது, முன்னதாக இடி எதுவும் கேட்கவில்லை என்றும், வானம் சாதாரணமாகவே இருந்தது என்றும், பயிற்றுநர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்றும் கூறினேன். விக்னேஸ்வரன் என் பக்கத்தில் நின்றதால் அவரும் அப்படியே கூறினார். அவர் மேல் பிழை இல்லை. நான் அவரைப் பார்த்த விதத்தில் அவர் வேறு சொல்லியிருக்க முடியாது.

அதன் பிறகு, மாணவிகளைக் காப்பாற்ற வேண்டிய பயிற்றுநர் வானிலையைக் கவனிக்கத் தவறினார் என்று கல்லூரி ஷம்சியாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. அவர் மறுத்திருக்கிறார். இரண்டு அம்பயர்களும் இடி கேட்கவில்லை என்று சொல்லியிருக்க, தோற்றுக்கொண்டிருந்தவர் பேச்சு எடுபடவில்லை. மாணவிகளையோ பார்க்க வந்திருந்தவர்களையோ யாரும் விசாரிக்கவில்லை. சாந்தினிக்கு நினைவு திரும்பிவிட்டது. வலது காது கேட்கவில்லை, வலது கையால் கரண்டி பிடிக்க முடியவில்லை என்று விக்னேஸ்வரன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "அண்ணே, இனிமே என்னைய ஆட்டத்துக்குக் கூப்பிடாதீங்க" என்றார்.

நேற்று நான் ஷம்சியாவின் குடும்பத்தாருடைய கடைக்குப் போனேன். அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"சாந்தினியப் பார்த்தீங்களா அண்ணே? சாப்பிடுறாளா? என்னைய அவங்க அம்மா உள்ள விட மாட்டேங்கிறாங்க" என்றார்.

நான் பார்க்கவில்லை என்றேன். பிறகு, "டீச்சர், அன்னைக்கு எனக்கு இடி கேட்டுச்சு" என்றேன்.

"தெரியும். கேட்டுட்டுத்தானே சிரிச்சீங்க" என்றார். பிறகு, "என்கிட்ட சொல்லி என்னாண்ணே ஆகப் போகுது? சொல்ல வேண்டிய இடத்துல போய்ச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார். அதனால் இன்று காலை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இங்கு வந்தேன்.

இன்னும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று அதிகாரி கேட்டதற்கு நான் கூறுவதாவது: ஒன்று இருக்கிறது. ஷம்சியா கையசைத்ததும் சாந்தினி தன் இடத்தை விட்டுப் பெஞ்சை நோக்கி நடந்து வந்தார். பாதித் தூரம் வந்துவிட்டார். நான் அவரைத் தடுத்து, மரத்துப் பக்கம் விரலை நீட்டி, திரும்பிப் போகச் சொன்னேன். அவர், "அங்கிள், இடி இடிக்குது அங்கிள்" என்றார். நான் விரலை எடுக்கவில்லை. அவர் ஓடிப் போய், நான் காட்டிய இடத்தில் நின்றார். ஷம்சியா பெஞ்சுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார், மற்ற எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் இதை வேறு யாரும் கவனிக்கவில்லை. சாந்தினிக்கு அந்த நாளே ஞாபகத்தில் இல்லை என்கிறார்கள். ஆகையால் நான் சொல்லாவிட்டால் இது ஒருவருக்கும் தெரியாது.

இதை அவருடைய தாயாரிடம் நானே நேரில் சொல்லலாமா என்று கேட்டேன். அது இந்த விசாரணையைச் சேர்ந்ததல்ல என்று அதிகாரி கூறினார்.

மேலே எழுதியவற்றை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். திருத்தம் ஏதும் இல்லை. யாரும் என்னை மிரட்டவோ தூண்டவோ இல்லை. மருத்துவமனையில் நான் முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய். இதில் உள்ளதே நடந்தது, அத்தனையும் உண்மை என்று உறுதி கூறிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
புவனேசன் த/பெ மணியம்