மான் குறுக்கே வரவில்லை

ஒல்ரன் பொலிஸ் நிலையம். 2025 நவம்பர் 12, புதன்கிழமை, காலை 9.20 மணி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் திருமதி இந்திரா முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.

எனது பெயர் வரதராசா இராஜேந்திரன். வயது 54. பிறந்த இடம் யாழ்ப்பாணம். 1991ஆம் ஆண்டு முதல் சுவிற்சர்லாந்தில் இருக்கின்றேன். பீல் நகரின் மெட் பகுதியில் மகள் ரிஷானியுடன் வசிக்கின்றேன். மகளுக்கு 21 வயது. உணவகங்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வான் சாரதியாகப் பதினாறு வருடமாக வேலை செய்கின்றேன். மனைவி கோசலா, வயது 47, கடந்த ஒக்டோபர் 7ஆம் திகதி இறந்துவிட்டார்.

நான் விரும்பாவிட்டால் எதுவும் சொல்லத் தேவையில்லை என்றும் சட்டத்தரணி ஒருவரை அழைக்கலாம் என்றும் அதிகாரி எனக்கு விளங்கப்படுத்தினார். சட்டத்தரணி வேண்டாம் என்று சொன்னேன். இன்று என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகவே வந்தேன். ஒக்டோபர் 5ஆம் திகதி விபத்து நடந்த இடத்தில் நான் பொலிசாருக்குச் சொன்னது பொய். மான் ஒன்று வீதிக்குக் குறுக்கே வந்தது என்று சொன்னேன். மான் வரவில்லை.

கடந்த வருடம் மே மாதம், எண்பதில் போக வேண்டிய வீதியில் நூற்றியேழில் மோட்டார் சைக்கிள் ஓடியதற்காக எனது சாரதி அனுமதிப்பத்திரம் ஒரு மாதம் பறிக்கப்பட்டது. இரண்டு வருடத்துக்குள் அதேபோல் இன்னொரு முறை பிடிபட்டால் குறைந்தது நான்கு மாதம் பறிக்கப்படும் என்று கடிதத்தில் இருந்தது. நான்கு மாதம் வான் ஓடாத சாரதியை நிறுவனம் வைத்திருக்காது என்று நான் நினைத்தேன். மெதுவாக ஓடினால் போதும் என்பது எனக்குத் தெரியாத விடயம் அல்ல. அதன் பின் இந்த வருடம் ஏப்ரல் மாதம் இணையத்தில் ராடார் எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கினேன். அதை ஜேர்மனி எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பொதி எடுக்கும் கடைக்கு வரவைத்து, நானே போய் எடுத்து, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து எல்லையைக் கடந்து கொண்டு வந்தேன். இந்த நாட்டில் அதை வைத்திருப்பதே குற்றம் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அதன் பின் ஒரு சனிக்கிழமை பகல், வீட்டின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தில் வைத்து அதை எனது மோட்டார் சைக்கிளில் நானே பூட்டினேன். ஒருவரும் உதவி செய்யவில்லை. ராடார் அலையை உணரும் பகுதியை முன் விளக்குக்குக் கீழே வெளியே தெரியாதபடி ஒட்டினேன். வயரை எரிபொருள் தாங்கிக்குக் கீழால் இழுத்து பற்றரியில் கொடுத்தேன். சிறிய பெட்டியைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் கட்டினேன். வீதியில் வேகம் பிடிக்கும் பொலிஸ் ராடார் இருந்தால் என் தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் சத்தம் வரும். நான் பூட்டிக்கொண்டிருக்கையில் கோசலா தேநீர் கொண்டு வந்து, "இது என்ன புதுசா?" என்று கேட்டார். "களவு போகாமல் இருக்க அலாரம்" என்று சொன்னேன். "அப்ப எனக்கும் ஒண்டு பூட்டித் தாங்கோ" என்றார். இந்தக் கருவி பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. இதைத் தெளிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கின்றேன்.

கோசலா முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்தார். காலை ஐந்தரைக்குக் கடமை தொடங்கும் நாட்களில் அவருக்குப் பேருந்து இல்லை. எங்களிடம் கார் இல்லை. நான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன். போன வருடம் ஒருநாள், "எத்தினை நாளைக்கு நீங்கள் நித்திரை முழிக்கிறது? நானே ஓடப் பழகிறன்" என்று சொல்லி, அவர் தானாகவே பயிற்சிக்குப் பதிந்தார். பன்னிரண்டு மணித்தியாலப் பயிற்சியில் மற்ற எல்லோரும் இருபது வயதுக்காரர். பழைய 125 மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கி, பின்னால் நீல நிற எல் பலகை கட்டி ஓடினார். முன்னால் போகும் வாகனத்துக்கு இரண்டு செக்கன் இடைவெளி விட வேண்டும் என்று பயிற்றுநர் சொன்னதை அவர் ஒருநாளும் மீறியதில்லை. ஜேர்மன் மொழியில் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று வாய்விட்டு எண்ணுவார். இரண்டு தலைக்கவசங்களிலும் நாங்கள் பேசிக்கொள்ளும் கருவி இருந்தது. அவர் எண்ணுவது எனக்குக் கேட்கும். வளைவுகளில் நான் "மெல்ல" என்பேன், அவர் "ஓம், ஓம்" என்பார். ஒக்டோபர் 14ஆம் திகதி அவருக்குப் பரீட்சை குறிக்கப்பட்டிருந்தது.

ஒக்டோபர் 5ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை, பரீட்சைக்கு முன் அர்ச்சனை செய்ய வேண்டும் என்று அவர் சொன்னதால் இருவரும் தனித்தனி மோட்டார் சைக்கிளில் திரிம்பாக் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்த பின், மலை வீதியில் இறங்கிப் பழக வேண்டும் என்று பயிற்றுநர் சொல்லியிருப்பதாக அவர் சொன்னார். அதன் பின் ஹவுவென்ஸ்ரைன் மேட்டுக்கு ஏறி, சிறிது நேரம் நின்று, அங்கிருந்து திரும்பித் திரிம்பாக் நோக்கி இறங்கினோம். நான் முன்னால், அவர் பின்னால்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். என் தலைக்கவசத்தின் ஒலிபெருக்கியை ஒரு நேரத்தில் ஒன்றுடன்தான் இணைக்கலாம். கேட்பது மனைவியின் குரல், அல்லது ராடார் கருவியின் சத்தம். இறங்கும்போது நான் ராடார் கருவியை இணைத்தேன். "என்ர பற்றரி முடியப்போகுது, பேசேலாது, பின்னால வாரும்" என்று அவரிடம் சொன்னேன். பற்றரி முடியவில்லை.

முதல் நாள் பெய்த மழையில் வீதி ஓரமெல்லாம் இலைகள் ஈரமாகக் கிடந்தன. நேரம் பகல் 12.40 அளவில். வளைவு ஒன்றுக்குள் நான் திரும்பிக்கொண்டிருந்தபோது தலைக்கவசத்துக்குள் கருவி கத்தியது. நான் உடனே பிறேக் பிடித்தேன். அப்போது எனது வேகம் ஐம்பத்தைந்து. அந்த வீதியில் எண்பது வரை போகலாம். பிறேக் பிடிக்க எனக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. ஐந்து மாதமாக அந்தச் சத்தம் கேட்டவுடன் பிறேக் பிடித்துப் பிடித்து கை பழகியிருந்தது. நான் யோசிக்கவில்லை. கீழே இருந்து வெள்ளைக் கார் ஒன்று ஏறி வந்து என்னைக் கடந்து போனது. புதிய கார்களில் பக்கத்து வாகனத்தை அறியும் உணரிகள் இருக்கின்றன, அவற்றுக்கும் கருவி கத்தும் என்று அதன் விளக்கப் புத்தகத்தில் இருக்கிறது. அன்று அந்த வீதியில் ராடார் எதுவும் வைக்கப்படவில்லை என்று அதிகாரி இன்று எனக்குச் சொன்னார்.

எனது பின் விளக்கு எரிந்ததைக் கண்டு கோசலாவும் பிறேக் பிடித்திருக்க வேண்டும். வளைவுக்குள், ஈர இலையில் அவருடைய முன் சில்லு வழுக்கியது. இரும்பு உரசும் சத்தம் கேட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் வீதியில் இல்லை. நாற்பது மீற்றர் தள்ளி நிறுத்திவிட்டு ஓடி வந்தேன். பாதுகாப்பு வேலியின் தூண் அடியில் கிடந்தார். தலைக்கவசத்தின் முன் கண்ணாடியைத் திறந்தேன். "எனக்கொண்டுமில்லை. மோட்டார் சைக்கிள் என்னமாதிரி?" என்று கேட்டார். பிறகு, "கால் இருக்கிற மாதிரித் தெரியேல்லை" என்றார். எங்களுக்குப் பின்னால் காரில் வந்த சுவிஸ் பெண் ஒருவர் நிறுத்தி, அவசர உதவிக்கு அழைத்தார். பொலிசும் வருவார்கள் என்று அவர் என்னிடம் சொன்னார்.

பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டவுடன் எனக்குக் கருவியின் ஞாபகம் வந்தது. கோசலா எனது கையைப் பிடித்திருந்தார். "விட்டிட்டுப் போகாதேங்கோ" என்றார். "இந்தா வாறன்" என்று சொல்லி, அவருடைய விரல்களை எடுத்துவிட்டு எழுந்து போனேன். பெட்டியையும் வயரையும் இழுத்து எடுத்தேன். விளக்குக்குக் கீழே ஒட்டியிருந்த பகுதி இலகுவில் வரவில்லை. சாவியை விட்டுக் கிளப்பினேன். எல்லாவற்றையும் கோயில் பிரசாதம் இருந்த பைக்குள் வைத்தேன். மூன்று நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது அந்தப் பெண் முழங்காலில் இருந்து கோசலாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கோசலாவின் கண் மூடியிருந்தது. "இப்போதுதான் ஏதோ சொன்னார். எனக்கு உங்கள் மொழி தெரியாது" என்று அந்தப் பெண் ஜேர்மன் மொழியில் சொன்னார். கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இரண்டு மூன்று தரம் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. அதன் பின் கோசலா பேசவில்லை. ஹெலிகொப்ரரில் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். 7ஆம் திகதி மாலை 4.10க்கு, நினைவு திரும்பாமலே இறந்தார்.

மான் கதையை மகளுக்கும் சொன்னேன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வைத்து அவர், "அந்த மானுக்கு ஒண்டும் நடக்கேல்லையோ அப்பா?" என்று கேட்டார். "இல்லை, ஓடிட்டுது" என்று சொன்னேன்.

நவம்பர் 6ஆம் திகதி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடந்தது. சாப்பாட்டு நேரம் உறவினர் ஒருவர், "இந்த வயசில பொம்பிளைக்கு மோட்டார் சைக்கிள் என்னத்துக்கு?" என்று எனது காதில் விழும்படி சொன்னார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நவம்பர் 10ஆம் திகதி விபத்து அறிக்கையின் பிரதி தபாலில் வந்தது. ரிஷானி சத்தமாக வாசித்தார். அனுபவம் போதாதவர், முன்னால் சென்ற வாகனத்துக்குப் போதிய இடைவெளி விடாமல் ஓடியதால் கட்டுப்பாட்டை இழந்தார் என்று இருந்தது. அந்த இடத்தில் மகள் நிறுத்தி, "அம்மா எப்பவும் எண்ணித்தானே ஓடுறவ" என்றார். பிறகு மிச்சத்தை வாசிக்கவில்லை.

இன்று காலை மகள் வேலைக்குப் புறப்படும்போது நடந்தது முழுவதையும் சொன்னேன். அவர் சப்பாத்துடன் கதவடியில் நின்று கேட்டார். முடிந்த பின் ஒரு கேள்விதான் கேட்டார். "எவ்வளவு நேரம் விட்டிட்டுப் போனனீங்கள்?" மூன்று நிமிடம் என்றேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அதன் பின் நான் ரயிலில் இங்கே வந்தேன். கருவியைப் பிளாஸ்ரிக் பையில் கொண்டு வந்து அதிகாரியிடம் ஒப்படைத்தேன். கழிவுப்பொருள் நிலையம் வரை ஒரு தரம் கொண்டு போனேன், எறிய முடியவில்லை. எந்தத் தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கின்றேன். கோசலா கடைசியாகச் சொன்னதை இன்னொரு தரம் கேட்க, அந்த சுவிஸ் பெண்ணின் விலாசத்தைத் தர முடியுமா என்று கேட்டேன். தர அனுமதி இல்லை என்றும், எனது கடிதத்தை அவருக்குச் சேர்ப்பிக்கலாம் என்றும் அதிகாரி சொன்னார்.

மேற்கண்டவை முழுவதும் திருமதி இந்திராவால் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. நான்காம் பக்கத்தில், "மனைவி கட்டுப்பாட்டை இழந்து விழுந்தார்" என்று இருந்தது. அது முந்தைய அறிக்கையில் இருந்து எடுத்த வசனம் என்று அதிகாரி சொன்னார். அதை வெட்டிவிட்டு, "நான் தேவையில்லாமல் பிறேக் பிடித்ததால் விழுந்தார்" என்று எழுதும்படி கேட்டேன். அவ்வாறே எழுதப்பட்டது. வெட்டிய இடத்தில் எனது கையொப்பம் உண்டு. வேறு திருத்தம் இல்லை. இதில் உள்ளவை நான் சொன்னவை, நடந்தவை, உண்மையானவை.

(ஒப்பம்) வ. இராஜேந்திரன்
காலை 11.55 மணி