பதின்மூன்றாம் விலா

நான் காபியில் சர்க்கரை அதிகம் போடுகிறவன். நம் உபெராபா ஊரில் எல்லோரும் அப்படித்தான், அதிகாரி ஐயா.

முப்பது வருடமாக இறைச்சிக் காளைகளைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. அதில் ஒரு சிக்கல் உண்டு. காளையின் இறைச்சி எப்படி என்று அறுத்தால்தான் தெரியும். அறுத்துவிட்டால் அதனிடமிருந்து கன்று கிடைக்காது. அதற்காகத்தான் ஸ்கேன் கருவி வந்தது. மாட்டுக்குப் பக்கத்துக்குப் பதின்மூன்று விலா. முதுகில் எண்ணெய் தடவி, பன்னிரண்டாம் விலாவுக்கும் பதின்மூன்றாம் விலாவுக்கும் இடையே வைத்தால், தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று திரையில் தெரியும். இரண்டும் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குபவை.

இதெல்லாம் தெரிந்தும் என் மகள் ஜுசாரா, வல்டெய்ர் என்ற வயலின் வாத்தியாரைக் கூட்டிவந்து, இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள்.

"இவன் எடையப் பார்த்தியாம்மா?"

"அப்பா, அவரு என்ன கண்காட்சிக் காளையா?"

"கண்காட்சியா? வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க."

அவன் சிரித்தான். "ரெண்டு தட்டு பீன்ஸ் சாப்பிட்டாலும் எனக்கு உடம்பு ஏறாது மாமா."

தின்றும் ஏறாத உடம்பு. அவனே ஒப்புக்கொண்டான்.

ஆனாலும் அளக்காமல் யாரையும் நான் கழித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடும் காபியும் முடிந்து, வராந்தாவில் கட்டிய வலைத் தொட்டிலில் குப்புறத் தூங்கிப்போனான். ஜுசாரா குளித்துக்கொண்டிருந்தாள். சட்டையை விலக்கி எண்ணெய் தடவினேன். பதின்மூன்றாம் விலாவைக் காணோம். மூன்று முறை எண்ணிவிட்டு, பிறவிக் குறைபாடு என்று குறித்துக்கொண்டேன். தசை சுமார். கொழுப்பு அறவே இல்லை.

அவனைக் காப்பாற்றியது குணம். எங்கள் நெலோரே மாடுகள் மிரண்டால் வேலியைத் தாண்டிவிடும். அதனால் சாதுத்தனத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. இவன் அசையவே இல்லை. முழு மதிப்பெண் போட்டேன். தேர்வானதன் காதில் எண் வில்லை மாட்டுவது வழக்கம். இடது காதில் மாட்டினேன். முந்நூற்றுப் பதினெட்டு. அப்போதும் அசையவில்லை.

சாயங்காலம் கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் அலறினான்.

"ஒண்ணு விடாம போலீஸ்ல எழுதிக் குடுத்தாதான் கல்யாணத்துக்குக் கூப்பிடுவேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். மகள் கல்யாணம் அல்லவா, எழுதுகிறேன். காபியில் மாட்டு மயக்க மருந்தைக் கலந்தது நான்தான். சர்க்கரையில் கசப்பு தெரிந்திருக்காது.

ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு சாதுவான பையனை இந்த முப்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை.